ஆஜர்ப் புத்தகத்தில் ‘வீட்டில்’

அப்பு,

எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கித்தான் இத்தனை வருஷம் உனக்கு எழுதி வந்திருக்கிறேன். உன் அம்மாவுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. எனக்கு முழங்கால் வலி, கண்ணில் கொஞ்சம் மங்கல், அது வயசோடு வந்தது. இதற்குமேல் சௌக்கியம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். உன் கடிதம் வியாழக்கிழமை பகல் தபாலில் கிடைத்தது. கல்லூரியில் விரிவுரையாளர் பதவி உனக்குக் கிடைத்துவிட்டது என்ற வரியை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தேன். மலையடிவாரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளி வாத்தியாருக்குப் பிறந்தவன் கல்லூரியில் நின்று பாடம் சொல்லப் போகிறான் என்று சந்தைக்குப் போகிற வழியில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னேன். உன் கடிதத்தில் இரண்டு இடத்தில் ஒற்று மிகாமல் விட்டிருக்கிறாய், அதை இன்னொரு நாள் பேசிக்கொள்வோம். இந்தக் கடிதம் அந்தச் சந்தோஷத்தைப் பற்றியது அல்ல. உறைக்குள் மடித்து வைத்திருந்தாயே இன்னொரு காகிதம், அதைப் பற்றியது.

கல்லூரித் தலைவர் உன்னிடம் சொன்னதை எழுதியிருந்தாய். ஒரு குடும்பத்தில் இரண்டு பேருக்கு இடம் கொடுத்தால் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள், இருவரும் ஒரே நாளில் லீவு கேட்பார்கள், ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் இருவரும் போய்விடுவார்கள், ஆகையால் உன் மனைவிக்குத் தனியாக நியமனம் கிடையாது, ஆனால் படித்தவள் என்பதால் கல்லூரியைச் சேர்ந்த பெண்கள் வகுப்பில் வந்து பாடம் சொல்லிக்கொடுக்கத் தடையில்லை என்றாராம். நீயும் அதைப் பெரிய சலுகையாக எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாய். “வீட்டில் லீவுக்கு அங்கே வந்திருப்பதால் தாங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லி, இத்துடன் உள்ள ராஜினாமாவில் கையெழுத்து வாங்கி மதுரைப் பள்ளிக்கு அனுப்பிவிடவும்” என்று எழுதியிருக்கிறாய். நாலு பக்கக் கடிதத்தில் உன் மனைவி கோமதியைப் பற்றிப் பேச வந்த இடத்திலெல்லாம் ‘வீட்டில்’ என்றுதான் போட்டிருக்கிறாய். அந்த ராஜினாமாவில் மட்டும் அவள் முழுப்பெயரையும், பி.ஏ., எல்.டி. என்ற பட்டங்களையும் முத்து முத்தாக எழுதியிருக்கிறாய். வேலையை விடுவதற்குப் பெயர் வேண்டியிருந்தது, எழுதிவிட்டாய்.

நீ கேட்டபடிதான் நான் முதலில் செய்யப் போனேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மைக்கூட்டைத் திறந்து, பேனாவைத் துடைத்து, காகிதத்தை மேஜைமேல் விரித்து வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். “ஆத்தா, அப்பு ஒரு காயிதம் அனுப்பியிருக்கான். வந்து பாத்துட்டு வெரசா ஒரு கையெழுத்துப் போடு, இன்னைக்குத் தபால்லயே சேத்துரலாம்” என்றேன். அடுப்படியிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நின்றபடியே படித்தாள். பேனாவை எடுக்கவில்லை. “மாமா, ஒண்ணு கேக்கலாமா? இதுல நான் கையெழுத்துப் போட்டுட்டா, மதுரைப் பள்ளிக்கூடப் புத்தகத்துல இருந்து என் பேரை அடிச்சிருவாங்க. அங்க போயிப் பாடம் எடுப்பேன் சரி, அந்தக் கல்லூரியில என் பேரு எந்தப் புத்தகத்துல இருக்கும்?” என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். காகிதத்தை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டு, “அப்புறம் பாப்போம், நீ போயிச் சோலியப் பாரு” என்று அனுப்பிவிட்டேன். கையெழுத்து வாங்க எனக்கு மனசு வரவில்லை. ஏன் என்பதைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நிதானமாகப் படி. இதை நான் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் போடிக்கு வந்தபோது எனக்கு இருபத்துநாலு, உன் அம்மாவுக்குப் பதினெட்டு. ரயிலை விட்டு இறங்கி, இரண்டு நாள் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தோம். ஊர்ப் பெரியவர்கள் கமிட்டி போட்டு நடத்திய பள்ளிக்கூடத்துக்குத் தலைமை வாத்தியாராக என்னை எடுத்திருந்தார்கள். கமிட்டியின் காரியதரிசி ஓர் ஏலக்காய் வியாபாரி. நல்ல மனுஷர், அதட்டிப் பேசத் தெரியாதவர். வந்த மறுநாள் எங்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து, “வாத்தியாரே, உங்க வீட்ல பரீச்சை குடுத்துப் பாஸ் பண்ணின பிள்ளைன்னு கேள்விப்பட்டோம். பொம்பளப் பிள்ளைகளுக்கும் ஒரு வகுப்பு வேணும்னு கமிட்டியில ரொம்ப நாளாப் பேச்சு. எழுதிப் போட்டுக் கூப்பிட்டா ஒரு பொம்பள வாத்தியாரும் இந்த மலைக்காட்டுக்கு வரமாட்டேங்கிறாக. இவுகளே சொல்லிக் குடுக்கட்டுமே. ஆனா ஒரு வீட்டுக்கு ரெண்டு உத்தியோகம்னு எழுதுனா ஊரு வாய மூட முடியுமா? எழுத்தெல்லாம் உங்க பேர்லயே இருந்துட்டுப் போகட்டும்” என்றார். “அதுக்கென்ன, ஆகட்டும்” என்றேன் நான். கதவுக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு அவள் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். பாடம் சொல்லிக்கொடுக்க இடம் கிடைக்கிறதே என்று அவளுக்கு இருந்த சந்தோஷம் எனக்குத் தெரியும். கல்யாணப் புடவைக்கு அடியில் பெட்டியில் வைத்திருந்த பரீச்சைச் சான்றிதழை அன்றைக்கு வெளியே எடுத்து, ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே வைத்தாள். ஆனாலும் கேட்காதது கேட்காததுதான்.

பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஊரில் அநேகமாக ஒருவரும் இசையவில்லை. முதல் மாதம் மூன்றே பேர் வந்தார்கள். நான் கைவிட்டுவிட்டேன். உன் அம்மா விடவில்லை. மலையிலிருந்து பொதி மாட்டிலும் தலைச்சுமையிலும் முந்தல் அடிவாரம் வழியாக இறங்குகிற ஏலக்காய், காரியதரிசியின் கொட்டகைக்குத்தான் வரும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, முறத்தில் பரப்பி, பருமன் பார்த்துப் பொறுக்குவார்கள். அவர்களுடைய பெண் பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கும். “அதுக இங்க வராட்டி என்ன, நான் அங்க போறேன்” என்று சொல்லி உன் அம்மா அந்தக் கொட்டகைக்கே போனாள். கொட்டகையின் ஒரு மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிள்ளைகளின் கை காயைப் பொறுக்கும், வாய் வாய்ப்பாடு சொல்லும். காயைப் பத்துப் பத்தாகக் கூட்டி வைத்துத்தான் கணக்கு. தரையில் படிந்த காய்த் தூசியில் விரலால் எழுத்து. இருபது இருபத்தைந்து பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். நீ பிறந்தபோது இரண்டு மாதம்தான் வீட்டில் இருந்தாள். பிறகு உன் தூளியை அந்தக் கொட்டகை விட்டத்தில்தான் கட்டியிருந்தார்கள், ஏலக்காய் பொறுக்குகிறவர்கள் ஆள் மாற்றி ஆள் ஆட்டிவிடுவார்கள். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தால் தலைமுடியெல்லாம் ஏலக்காய் மணக்கும். நான் வேறு, வாசனைத் தைலம் வாங்குகிற செலவு மிச்சம் என்று கேலி செய்துகொண்டிருந்தேன்.

இப்போது ஆஜர்ப் புத்தகத்துக்கு வருகிறேன். மாதக் கடைசியில் வகுப்பு வாரியாக, யார் நடத்தியது, எத்தனை நாள் நடந்தது என்று அதில் எழுதவேண்டியது தலைமை வாத்தியார் வேலை. என் கையெழுத்தில் எனக்குக் கர்வம் அதிகம், உனக்குத் தெரியும். முதல் வகுப்பு, நடத்தியவர் இன்னார், இரண்டாம் வகுப்பு, இன்னார் என்று உதவி வாத்தியார்கள் பெயரையெல்லாம் எழுதிக்கொண்டே வந்தேன். பெண்கள் வகுப்பு என்று எழுதிவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. ஆம்பிளை தன் சம்சாரத்தின் பெயரை நாலு பேர் முன்னால் சொல்வதில்லை. “வீட்ல கேட்டுச் சொல்றேன்”, “வீட்ல மேலுக்குச் சரியில்ல” என்றுதான் பேசுவோம். அந்தப் புத்தகமோ நாலு பேர் கைக்குப் போகிறது. ஆகவே ‘வீட்டில்’ என்று எழுதினேன். படித்தவர்கள் எல்லோருக்கும் புரிந்தது. காரியதரிசி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதமும் அப்படியே எழுதினேன். ஏழு வருஷம் அப்படியே எழுதினேன். உன் அம்மாவின் பெயர் வேலம்மாள். பார், இந்தக் கடிதத்தில்கூட இத்தனை தூரம் வந்த பிறகுதான் அதை எழுதுகிறேன்.

உனக்கு ஆறு வயதாகும்போது பெண் பள்ளிகளைப் பார்வையிடுகிற இன்ஸ்பெக்ட்ரஸ் துரைசானி ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். உனக்கு ஞாபகம் இருக்கலாம், அவருடைய குடையைப் பார்த்து நீ பயந்து ஓடினாய். பெண்கள் வகுப்பு எங்கே என்று கேட்டார். கொட்டகைக்கு அழைத்துப் போனோம். துரைசானி ஒரு முறத்திலிருந்து கைநிறையக் காயை அள்ளி ஒரு பிள்ளையின் முன்னால் போட்டு, இதை ஏழு பேருக்குச் சமமாகக் கொடு என்றார். கூட வந்த குமாஸ்தா அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பிள்ளை பத்துப் பத்தாகக் கூட்டி, பங்கு பிரித்து, மிச்சம் மூன்று காயைத் தனியே எடுத்து அவரிடமே நீட்டியது. துரைசானி வாய்விட்டுச் சிரித்தார். உன் அம்மாவிடம் திரும்பிப் பெயரைக் கேட்டார். “வேலம்மாள்” என்று அவள் தானே சொன்னாள், கொட்டகை முழுக்கக் கேட்கும்படி. கல்யாணமான நாளிலிருந்து அவள் தன் பெயரை அவ்வளவு சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. துரைசானி போகும்போது பள்ளிக்கூடப் புத்தகங்களையெல்லாம் பார்வைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்துத் துரைசானியின் ஆபீஸிலிருந்து தலைமை வாத்தியார் பெயருக்கு ஒரு தபால் வந்தது. அம்பாசமுத்திரத்தில் புதிதாகப் பெண் பள்ளி ஒன்று தொடங்கப் போகிறார்கள், அதற்குத் தலைமை ஆசிரியையாக வேலம்மாளை எடுக்க யோசிக்கிறார்கள், ஆனால் புத்தகத்தில் அந்தப் பெயரே எங்கும் இல்லை, பெண்கள் வகுப்புக்கு எதிரே ‘வீட்டில்’ என்று கண்டிருக்கிறது, வகுப்பு வீட்டிலா நடந்தது, நடத்தியது யார், அவர் எத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்று பதினைந்து நாளுக்குள் விளக்கம் எழுதி அனுப்பவேண்டும் என்று அதில் கண்டிருந்தது. படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வெளியூர்க் குமாஸ்தா யாரோ சொல்லுக்குச் சொல் பொருள் எடுத்துக்கொண்டு தலையைச் சொறிகிறான் என்று நினைத்தேன். ‘வீட்டில் என்றால் என் மனைவி என்று பொருள், அவர் பெயர் வேலம்மாள், ஏழு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறார்’ என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை, அப்பு.

நாளைக்கு எழுதலாம் என்று முதல் நாள் வைத்தேன். அப்புறம் யோசனை வந்தது. இவள் அம்பாசமுத்திரம் போனால் நான் என்ன செய்வது? இங்கே தனியாகக் கிடப்பதா? கூடவே போனால் அந்த ஊரில் எனக்கு யார் வேலை தருவார்கள்? தந்தாலும் ஏதோ உதவி வாத்தியார் வேலைதான் கிடைக்கும். சம்சாரம் தலைமை ஆசிரியை, புருஷன் உதவி வாத்தியார். வீட்டுக்காரி பின்னால் போனவன் என்று பேச்சு வரும். பையனை யார் பார்ப்பது, சோறு யார் ஆக்குவது என்றெல்லாம் நியாயம் தேடிக்கொண்டேன். உண்மையில் எனக்கு இருந்தது பொறாமை. அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, இன்றைக்கு எழுதிவிட்டேன். பதினைந்து நாளும் போயிற்று. அம்பாசமுத்திரம் என்ற பேச்சே அவள் காதில் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

அதோடு முடிந்திருந்தால்கூட என் வரைக்கும் பாவம் என்று விட்டிருக்கலாம். விளக்கம் வராததால் மேலிடத்தில் அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். வீட்டில் நடத்திய வகுப்பு பள்ளிக்கூட வகுப்பு ஆகாது, அதற்குச் சர்க்கார் உதவித்தொகை கிடையாது என்று உத்தரவு வந்தது. கமிட்டி கூடிப் பெண்கள் வகுப்பை மூடிவிட்டது. காரியதரிசிக்கு என்ன ஏது என்று விளங்கவில்லை, “கவர்மெண்டு புத்தியே தனி” என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். “நான் ஏதும் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேனா? அந்தத் தொரசானிம்மா சிரிச்சுச்சே, நல்லாத்தான் இருக்குன்னு சிரிக்குதுன்னுல்ல நெனச்சேன்” என்றாள். “உன் தப்பு ஒண்ணுமில்ல” என்று சொன்னேன். அது மட்டும்தான் சொன்னேன். அதை நம்பாமல் பல மாதம் அவள் தன் பாடங்களை மனசுக்குள் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தாள். சாதம் வடிக்கும்போது திடீரென்று, “அன்னைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லாம கணக்கு மட்டும் காட்டுனேன், அதான் குத்தமாப் போச்சோ?” என்பாள். கொட்டகை வழியாகப் போகவேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போவாள். பிள்ளைகள் காயை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வாய்ப்பாடு நின்றுவிட்டது.

இரண்டு மூன்று வருஷம் கழித்துக் கமிட்டிக்குப் பெண்கள் வகுப்பின்மேல் மறுபடியும் ஆசை வந்தது. பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள், இருவரும் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள். இந்தத் தடவை அவர்களை எதிரே உட்காரவைத்துப் பேசியவன் நான். உன் கல்லூரித் தலைவர் சொன்னாரே, முணுமுணுப்பு, ஒரே நாளில் லீவு, ஒருவர் போனால் இருவரும் போவார்கள் என்று, அது ஒன்று விடாமல் நான் அன்றைக்குச் சொன்னது. புருஷனுக்கு நியமனம் உண்டு, அம்மா விருப்பப்பட்டால் வந்து சொல்லிக்கொடுக்கலாம், எழுத்தில் ஒன்றும் வேண்டாம் என்றேன். அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்து, “சார், நான் வேலைக்கு வந்திருக்கேன், விருந்துக்கு வரல” என்றாள். எனக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. இரண்டு மாதம் இருந்தார்கள். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர்ச் சீமையில் இருவருக்கும் பெயர் போட்டு வேலை கிடைத்ததும், சாமான்களைப் பொதி மாட்டில் ஏற்றிக்கொண்டு மலையேறிவிட்டார்கள். உன் அம்மா கட்டுச்சோறு கட்டிக்கொண்டு முந்தல் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். “நான் அப்பவே சொன்னேன்ல, ஒருத்தர் போனா ரெண்டு பேரும் போயிருவாகன்னு” என்றேன். “நீங்க எடம் குடுத்தது ஒருத்தருக்குத்தான? ரெண்டு பேரு போயிட்டாகன்னு எப்பிடிச் சொல்றீக?” என்றாள் அவள். கேட்டுவிட்டுக் கால் கழுவப் போய்விட்டாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் இருந்த காலம்வரை வேறு பெண் ஆசிரியை வரவே இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘அது அந்தக் காலம், நான் அப்பாவைப்போல மறைக்கவில்லையே, வெளிப்படையாகத்தானே கேட்டேன்’ என்று நீ சொல்லலாம். சரிதான், நீ என்னைவிட யோக்கியன். ஆனால் கேட்கவேண்டியவளிடம் நீ கேட்கவில்லை, என்னிடம் கேட்டாய். காகிதத்தை முழுக்க எழுதி முடித்துவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு அனுப்பினாய். ‘வீட்டில்’ என்ற சொல்லை நீ என்னிடமிருந்துதான் எடுத்திருக்கிறாய் என்பதால் உன்னை வைவதற்கு எனக்கு வாய் வரவில்லை. பிரிந்திருப்பது லேசான காரியம் என்று நான் சொல்ல வரவில்லை. நீ ஓர் ஊரில் ஓட்டல் சாப்பாடும், அவள் இன்னோர் ஊரில் விடுதி அறையுமாக எத்தனை நாள் ஓடும்? பிள்ளை பிறந்தால் என்ன செய்வீர்கள்? எனக்கும் தெரியவில்லை. கல்லூரிக்காரர்கள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கலாம், அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் நான். ஆனாலும் நீ தலைவரிடம் போய், என் மனைவிக்கு அவள் பெயரில் நியமனம் கொடுங்கள், என் சிபாரிசுக்காக வேண்டாம், அவள் பட்டத்தையும் வேலையையும் பார்த்துக் கொடுங்கள் என்று வாய் திறந்து ஒரு தடவை கேட்டாயா? கேட்டதாக உன் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. கேள். அவர் முடியாது என்றால், மதுரை உயர்நிலைப் பள்ளியில் உனக்கு ஓர் இடம் இருக்கிறது என்று போன வருஷம் எழுதினாயே, அது சின்ன வேலை என்று தள்ளினாயே, அதையும் ஒரு தடவை நினைத்துப் பார். போ என்று நான் கட்டளையிடவில்லை. கட்டளையிட எனக்கு யோக்கியதை இல்லை. வீட்டுக்காரி பின்னால் போனவன் என்று யாராவது பேசுவார்கள் என்ற பயத்தால் மட்டும் அதைத் தள்ளாதே. அந்தப் பேச்சுக்கு நான் பயந்ததால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று இப்போது உனக்குத் தெரியும்.

கோமதியிடம் சனிக்கிழமை நானே சொன்னேன். “ஆத்தா, நான் அன்னைக்கு மைக்கூட்டத் தொறந்து வச்சது தப்பு. நீ கையெழுத்துப் போட வேண்டாம். ஒம் புருசன் உங்கிட்ட நேர்ல வந்து கேக்கட்டும், அப்ப நீயாப் பாத்து என்ன வேணுமோ சொல்லு” என்றேன். “சரி மாமா” என்றாள். கொஞ்சம் கழித்து, “அவுக கோவிச்சுக்குவாகளோ?” என்று கேட்டாள். “கோவிச்சா எம்மேல கோவிக்கட்டும்” என்றேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டி பூட்டி அனுப்பிவைத்தோம். பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். நீ எழுதிய ராஜினாமாக் காகிதத்தை இந்தக் கடிதத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மருமகளுக்கு நியாயம் சொல்லிவிட்டு, உன் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்னைப்போல் கபடன் யாரும் இருக்கமுடியாது. வண்டி போன பிறகு, அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தேன். தபால் வந்தது, நான் பதில் எழுதாதது, ஏன் எழுதாதது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி ஓரத்தில் போட்டுக்கொண்டே கேட்டாள். திட்டுவாள், அழுவாள், எழுந்து போய்விடுவாள் என்று எதற்கும் மனசைத் திடம்பண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். சொல்லி முடித்த பிறகு, “அப்ப நான் தப்பாச் சொல்லிக் குடுக்கல” என்றாள். “இல்லை” என்றேன். தலையை ஆட்டினாள். இன்னும் கொஞ்சம் அரிசி புடைத்தாள்.

“எந்த ஊருன்னீக?”

“அம்பாசமுத்திரம்.”

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். “நான் வரலைன்னதும் அந்தப் பிள்ளைகளுக்கு வேற ஆளு போட்டாகளா? இல்ல, டீச்சர் வருவாக வருவாகன்னு அதுக சும்மாவே உக்காந்திருந்துச்சுகளா?”

எனக்குத் தெரியாது, அப்பு. அன்றைக்கும் விசாரிக்கவில்லை, இன்றுவரைக்கும் விசாரிக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதிலுக்குக் காத்திருந்தாள்.

உன் அப்பா